பொதுமக்களின் செல்லம்

மேசையில் கிடந்த ஆங்கில அறிவித்தலில் ஒரு சொல்லைத் தவிர எல்லாம் விளங்கியது. திங்கள் முதல் மூன்று நாள் தண்ணீர் வராது. அதற்குப் பொதுமக்களின் ‘இண்டல்ஜன்ஸ்’ வேண்டுமாம்.

காலிதீன் கல்முனையில் ஒரு குடிநீர்ச் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் புது லிகிதர். தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் பின்னேரம் கொழும்பிலிருந்து திரும்பியதும் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். பிழை விடக்கூடாது. அகராதியைப் புரட்டினான். முதல் பொருள்: செல்லம்.

“மூன்று நாள் தண்ணீர் வராது. பொதுமக்களின் செல்லம் வேண்டப்படுகிறது” என்று சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டான்.

அரை மணித்தியாலத்தில் சல்மா உம்மா வட்டிலப்பத் தட்டோடு வந்து நின்றாள்.

“செல்லம் கேட்டீங்களாமே மனே! இந்தா, தின்னுங்க. தண்ணிய மட்டும் வெட்டிராதீங்க.”

பின்னால் இன்னும் நாலு பேர், தொதல் இனிப்போடு.

வாய் நிறைய வட்டிலப்பத்தோடு காலிதீன் சொல்லை மாற்றினான்: ‘இன்ப நுகர்ச்சி.’

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மீராமுகைதீன் தொலைபேசியில் பாய்ந்தார். “ஊரே குளிக்காம நாறப்போகுது, உங்களுக்கு இன்பம் கேக்குதோ?”

காலிதீன் இம்முறை அகராதியோடு நிற்கவில்லை. சொல்லின் பிறப்பையே தேடினான். லத்தீனில் பிறந்ததாம், தயவு, வரி விலக்கு, பாவத்தின் தண்டனைக் கழிவு என்று உலகமெல்லாம் சுற்றியிருந்தது. மார்க்க விஷயம் என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்று நினைத்து, ‘பொதுமக்களிடம் பாவமன்னிப்பு வேண்டுகிறோம்’ என்று போட்டான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் முப்பது மோட்டார் சைக்கிள்கள்.

“என்ன பாவம் செஞ்சீங்க?” முன்னால் நின்ற றிபாஸ் கத்தினான். “தண்ணித் தாங்கிக்குள்ள என்ன விழுந்த? உள்ளதச் சொல்லுங்க, புள்ளைகளும் குடிச்சிட்டு!”

“அல்லாஹ்வே, ஒண்டும் விழல்ல காக்கா!” காலிதீன் அழாக்குறையாகச் சொன்னான். “மூணு நாளைக்கு எங்கள ஒருக்காப் பொறுத்துக்கங்க, அவ்வளவுதான்!”

றிபாஸ் சிரித்துவிட்டான். “இதச் சொல்லத்தானா இவ்வளவு கூத்து? ஓம், பொறுப்பம்.”

மிச்ச வட்டிலப்பம் கூட்டத்தைச் சுற்றி வந்தது. ஊர் குடம், வாளி, பீப்பாயெல்லாம் நிரப்பி முடித்தது. பின்னேரம் வந்த ஹாஜியார், சனத்தைச் சமாளித்த கெட்டிக்காரன் என்று காலிதீனின் முதுகில் தட்டி, நியமனக் கடிதத்தில் ஒப்பமும் வைத்தார்.

அந்நேரம் தேநீர் கொண்டுவந்த சங்கத்து வேலைக்காரி ஹப்ஸா றாத்தா மேசையைப் பார்த்து நின்றாள்.

“தம்பி, வடை சுத்த வெச்சிருந்த தாள் இஞ்சயா கிடக்கு? அது ரெண்டு வருசத்துக்கு முந்தி தண்ணி வெட்டினப்ப வந்த நோட்டீசெல்லுவா!”