மூன்றாவது செயின்

"ஏங்க, என் பெரிய தட்டு எங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டபோது, அந்தத் தட்டு மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கறுப்பு எண்ணெயை ஏந்திக்கொண்டிருந்தது.

"எது, அந்த விளிம்பு நெளிஞ்சதா?" என்றார் சர்வேயர்.

"நெளியாததுதான்."

"இப்ப நெளிஞ்சிருச்சும்மா."

நிலம் அளப்பது அவருடைய உத்தியோகம். அளவுதான் அவருடைய கர்வம். சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லரையே திருத்துகிறவர். அப்பேர்ப்பட்டவரின் அறுபது வயது வண்டியில், எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் தேய்ந்து தொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகளின் ஊர்வலம். தன் கையாலேயே வண்டியைச் சீர் செய்தவருக்கு மேடையில் பித்தளைப் பதக்கம் உண்டு. போதாக்குறைக்கு மைத்துனனிடம் வாயை விட்டிருந்தார்: "மெக்கானிக் கை இதுல பட்டுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

மைத்துனன் மறுநாளே ஒரு புது ரேசரை வாங்கி அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரரின் மனைவி ஏணி மேல் நின்று சரக்கை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்து வைத்தார்.

"எழுபத்தாறு கண்ணி. பூட்டினதும் சுத்திச் சுத்தி நாலு இடத்துல அழுத்திப் பாருங்க சார். பழைய வண்டி, ஒரு இடத்துல இறுக்கமா நிக்கும், ஒரு இடத்துல லூசா ஆடும்."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா சங்கிலி பிடிச்சு நிலம் அளக்கறவன்யா நான். என்கிட்டயே செயினைப் பத்திப் பேசறீங்களா?"

அன்று சாயங்காலமே எஞ்சின் பல்சக்கரத்தையும் கிளட்சையும் சேர்த்துக் கழற்றி, செயினை மாட்டி, மறுபடி ஏற்றினார். செயினின் நடுவில் விரலை வைத்து ஒரே ஒரு அழுத்து. கூடுதலாக ஆடியது. கியர்பாக்ஸைப் பின்னால் இழுத்து, சரியாக அரை அங்குலம் ஆடும்படி வைத்தார். பிறகு வண்டியை உதைத்தார். எஞ்சின் "ஙொய்ய்ய்" என்று அழுதது.

"பக்கத்து வீட்டுல மிக்சி ஓடுதா?" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை செயினைக் கழற்றிக்கொண்டு கடையில் நின்றார். "இது குட்டைச் செயின். உங்க ஆளுங்களுக்கு எண்ணவே தெரியல."

"நாலு இடத்துல..."

"வேற இருக்கா, இல்லையா?"

கடைக்காரர் செயினை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நீலப் பெட்டியோடு திரும்பினார்.

மறுபடி மாட்டினார், மறுபடி ஒரே அழுத்து. இம்முறை விறைப்பாக நின்றது. மறுபடி அழக்கூடாதென்று கியர்பாக்ஸை நன்றாக முன்னால் தள்ளி ஒரு அங்குலம் ஆடும்படி வைத்தார். வண்டியை உதைத்தார். செயின் மூடியில் "டக டக டக" என்று அடித்தது. மூடியின் ஓரம் பிய்ந்து எண்ணெய் கூடம்வரை கோடு போட்டது. அதில் கால் வைத்த மனைவி நேராகச் சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

"சோபாவைச் சரியான இடத்துலதான் அளந்து போட்டிருக்கீங்க" என்றாள்.

போன் அடித்தது. மைத்துனன். "ரேசர் கூரா இருக்கா மாமா?"

சர்வேயருக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை அவர் கடைக்குள் நுழையும்போதே கடைக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது தொளதொளச் செயின்" என்றார் சர்வேயர். குரலில் பழைய முறுக்கு இல்லை.

கடைக்காரர் அவரையும் செயினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செயினோடு உள்ளே போனார். வெளியே வரும்போது, கையில் மெழுகுத் தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது.

"சார், இதை எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கறதில்ல. ரோஷக்காரச் செயின். சுத்திச் சுத்தி நாலு இடத்துல அழுத்திப் பாத்து, எங்க ரொம்ப இறுக்கமோ அங்க அரை அங்குலம் வச்சாத்தான் ஒத்துக்கும். அளவு தெரிஞ்ச கைக்குத்தான் இது அடங்கும்."

சர்வேயர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். முகம் மலர்ந்தது. "தொட்டதுமே தெரியுதே! அது ரெண்டும் வெறும் தகரம்."

அன்று சுற்றினார், அழுத்தினார், இன்னும் சுற்றினார். நான்கு இடம் போதாதென்று எட்டு இடத்தில் பார்த்தார். மூடிக்குப் புது பேக்கிங் போட்டு முறுக்கினார். உதைத்ததும் எஞ்சின் ஒரே சீராக, அழகாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் அவர் வண்டிதான் முதலில் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "தட்டு போனாப் போகுது, ராஜா மாதிரி இருக்கீங்க" என்று காதில் சொன்னாள். சர்வேயருக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையில் பதக்கத்தைக் குத்தினார்கள். மைக்கையும் கொடுத்துவிட்டார்கள்.

"மூணு செயின் மாட்டிப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். "முதல் செயின் குட்டை. ரெண்டாவது தொளதொள. மூணாவதைக் கையில வாங்கினதுமே சொல்லிட்டேன், இதுதான் தங்கம்னு! எல்லாம் கை அளவுங்க. புத்தகத்துல வராது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மைத்துனன்கூட எழுந்து நின்று தட்டினான். சர்வேயர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, தட்டி ஓயட்டும் என்று காத்திருந்தார்.

ஓய்ந்தது. முன்வரிசையில் கடைக்காரரின் மனைவி கணவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"என்னங்க இது, அந்த சைஸ்ல நம்ம கடையில ஒரே ஒரு செயின்தானே இருந்துச்சு?"