நான் தனியாகப் பாடிய நான்கு சரணங்கள்

தனக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொள்கிறவன் அந்தக் காதுக்குச் சொந்தக்காரன்தான். என் விஷயத்தில், எனக்கு முன்பே தூத்துக்குடியில் நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தது. (எண்ணித்தான் சொல்கிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை முப்பத்து நான்கு வருடம் எண்ணியவன் நான்.)

மருமகள் என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் இரண்டு காதுக்கும் கருவி வாங்கித் தந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அது பீரோவில் பத்திரமாக இருந்தது. பேத்தி ஜெனிட்டாவின் கல்யாணத்தன்று காலையில் என் மனைவி செல்லம்மாள் டப்பாவை எடுத்து நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"இன்னைக்காவது மாட்டுங்க. பிள்ளை சம்மதம் சொல்லுதத கேக்க வேண்டாமா?"

"போட்டோவுல கிழவன் மாதிரி தெரியும், போளா."

"இப்ப மட்டும் மாப்பிள்ளை மாதிரியா இருக்கிய?"

டப்பா பீரோவுக்கே திரும்பியது.

சர்ச்சில் முன்வரிசை. பேத்தி எட்டடி தூரத்தில் நின்றாள். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் சம்மதம் சொல்வதைக் கேட்கத்தான் அன்று வந்திருந்தேன். உதடு அசைந்தது. அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த ஏமாற்றம் முகத்தில் தெரியக்கூடாதென்று, கீர்த்தனை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். எங்கள் சபையில் எந்தெந்தச் சரணம் பாட வேண்டும் என்று போதகர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதால், அன்று முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் என்று சொல்லியிருக்கிறார். கீர்த்தனைக்கு ஆறு சரணம். எனக்கு ஆறும் மனப்பாடம்.

சபையார் ஆறாவதைப் பாடும்போது நான் இரண்டாவதில் இருந்தேன். அவர்கள் முடித்துவிட்டார்கள். நான் மூன்றாவதை எடுத்தேன். செல்லம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பேத்தியை நினைத்து அழுகிறாள் போலும் என்று, ஆறுதலாக இன்னும் உரக்கப் பாடினேன். நான்காவதில் கீபோர்டு வாசிக்கும் டீச்சர் இரக்கப்பட்டு என்னோடு சேர்ந்துகொண்டார்களாம். (பெண்ணின் தாத்தாவை யார் நிறுத்துவது?) ஆறையும் முடித்துக் கண்ணைத் திறந்தால், முந்நூறு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும் செல்லம்மாள் என் காதுக்குள் வாயை வைத்து நடந்ததை விளக்கினாள். சம்பந்தி நல்ல மனிதர். அவரும் கிட்டே வந்து கத்தினார்: "ராகம் ஒண்ணும் பிசகல, அண்ணாச்சி. மாப்பிள்ளைக்குத்தான் கால் வலிக்காம்."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். காரில் ஏறப்போன பேத்தி, "தாத்தா, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாள். உதட்டைப் பார்த்தே புரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் பீரோவைத் திறந்தேன். முதல் வாரம் நரகம். ஃபேன், செருப்பு, நான் அப்பளம் கடிப்பது எல்லாமே லாரி மாதிரி கேட்டன. கழற்றி வைக்காமல், மூன்று முறை டாக்டரிடம் போய்ச் சத்தத்தைத் திருத்தி வாங்கிவந்தேன். ஐந்தாவது வாரம் ஹாலில் உட்கார்ந்தபடி குக்கர் விசிலை எண்ணி, "மூணு ஆச்சு, அடுப்ப அணை" என்றேன். செல்லம்மாள் கரண்டியோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். பேச்சு புரியாததால் நான் விட்டுவிட்டிருந்த கடற்கரை அரட்டைக்கும் திரும்பப் போனேன். இரண்டு வருட வம்பு பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா விருந்துக்கு வந்தாள். என் காதுகளைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் புருஷனை எழுப்பிப் பக்கத்தில் நிறுத்தினாள். ("மறுபடியுமா?" என்று அவன் முனகியதும் எனக்குக் கேட்டது.) சர்ச்சில் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை, அதே சின்னக் குரலில் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. அவளும், நானும்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் எதையாவது இழுத்துப் பேசினால், "தாத்தா மூணாவது சரணத்துல நிக்குதாவ" என்று அடுக்களையில் கிசுகிசுக்கிறார்கள். ஹாலிலிருந்தே பதில் சொல்கிறேன்: "இன்னும் மூணு இருக்கு, கேளுங்க."