முன் அனுமதியின்றி நீங்கிய வலி

எங்கள் அலுவலகத்தில் முறைப்படி அனுமதிக்கப்பட்ட முதுகுவலி ஒன்றே ஒன்றுதான். அதை மூன்று ஆண்டுகளாக வகித்து வந்தவர் முதுகண்ணன். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

கடைக்காரர்களின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. ஒருநாள் இருபது கிலோ கல்லைத் தூக்கியபோது அவருக்கு இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. விண்ணப்பித்தார். பதினொரு மாதப் பரிசீலனைக்குப் பிறகு, மெத்தையும் சாய்மானமும் கைப்பிடியும் கொண்ட சுழல் நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. மேலாளருக்கே அப்படி ஒன்று கிடையாது. எனக்கோ கால் ஆடும் மர ஸ்டூல். அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், அதை மறைப்பானேன்.

நாற்காலி தனியாக வரவில்லை. கூடவே வலிப் பதிவேடு ஒன்றும் வந்தது. மணிக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து, கண்ணை மூடி, முதுகைக் கூர்ந்து கவனித்து, வலியை ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பிட்டு எழுத வேண்டும். நாங்கள் அளவைக்காரர்கள். அளக்காத வலியை எப்படி நம்புவது? பூஜ்யத்துக்கு மட்டும் கட்டமில்லை. வலியே இல்லாதவனுக்குப் பதிவேடு எதற்கு என்று படிவம் தயாரித்தவர் நினைத்திருப்பார். நியாயம்தான்.

முதுகண்ணன் நேர்மையானவர். சுவர்க் கடிகாரம் அடித்ததும் கண்ணை மூடி வலியைத் தேடுவார். தேடினால் கிடைக்காமல் போகுமா? முதல் மாதம் மூன்று. வருடக் கடைசியில் ஆறு. விடுமுறை நாளில் வீட்டிலும் மணிக்கொருமுறை கண்ணை மூட ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். "தூக்குப்பா" என்று கையை நீட்டிக்கொண்டு வருவாளாம். இவர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாராம். "வேற ஒண்ணும் வேணாம் தம்பி," என்றார் ஒருநாள் என்னிடம். "அவ பெரியவளாகறதுக்குள்ள ஒரு தடவை தூக்கிடணும்." கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்ததும் அது கொஞ்சம் குறைந்தது.

கடைசியில் எதிர்த்தெரு பிசியோதெரபி பெண்ணிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"உங்க வலி நிஜம் சார். நடிக்கறீங்கன்னு நான் சொல்லல," என்றாள் அந்தப் பெண். "ஆனா தசையில பட்டது எப்பவோ ஆறிடுச்சு. மனசுதான் இன்னும் காவல் காக்குது. ஒரு தடவை திருடனைப் பார்த்த வாட்ச்மேன், அப்புறம் பூனை போனாலும் விசில் அடிப்பான் இல்லையா?"

"அவனை எப்படிம்மா சும்மா இருக்க வைக்கறது?"

"மணிக்கொரு தரம் போயி 'திருடன் வந்தானா'ன்னு கேக்கறதை நிறுத்துங்க. பயப்படாம கொஞ்சம் கொஞ்சமா நடங்க, குனிங்க, நிமிருங்க."

"கேக்கலேன்னா மெமோ வருமே."

மெமோவுக்கு அவளிடம் பயிற்சி எதுவும் இல்லை.

அவரைக் காப்பாற்றியது எங்கள் அலுவலகம்தான். பதிவேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. புதியது கேட்டு எழுதினோம்; வர ஐந்து வாரம் ஆயிற்று. எழுத ஏடு இல்லாததால் முதுகண்ணன் வலியைத் தேடவில்லை. நடந்தார், குனிந்தார். மூன்றாவது வாரம் கடிகாரம் அடித்தது அவர் காதிலேயே விழவில்லை. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை, "நேத்து தூக்கிட்டேன். இறங்கவே மாட்டேங்கறா," என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அன்று மதியமே புதுப் பதிவேடு வந்து சேர்ந்தது. நேர்மையான மனிதர், கட்டத்தைக் காலியாக விட்டார். மறுநாள் மெமோ வந்தது: 'தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வலி, முன் அனுமதியும் உரிய அறிவிப்பும் இன்றி நீங்கியமை குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறும் பட்சத்தில்...'

மேலாளர் அவரைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"என்னங்க இது, கேக்காம கொள்ளாம வலியை விட்டுட்டீங்க?"

"தானா போயிடுச்சு சார்."

"தானா போறதுக்கு அது என்ன உங்க வீட்டு வலியா? வலி இல்லேன்னா நாற்காலியைத் திருப்பி அனுப்பணும். அதுக்குப் படிவமே கிடையாது. பேசாம ஒண்ணுன்னு போட்டுடுங்க."

முதுகண்ணன் முடியாது என்று தலையை ஆட்டினார். "ஒண்ணு போடணும்னா மறுபடியும் தேடணும் சார். தேடினா கிடைச்சிடும். நான் என் பொண்ணைத் தூக்கணும்."

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அனுமதிக்கப்பட்ட எதுவும் காலியாக இருத்தலாகாது. பணிமூப்பில் அடுத்தவருக்குச் செல்லும் என்று இருந்தது. அடுத்தவன் நான்.

"உங்க முதுகு எப்படி?"

"கல்லு மாதிரி இருக்கு சார்."

"நாற்காலியும் கூடவே வரும்."

"லேசா ஒரு பிடிப்பு இருக்கு சார்."

அன்றே நாற்காலி எனக்கு வந்தது. மூன்று வருட ஸ்டூலுக்குப் பிறகு சொர்க்கம் என்றால் அதுதான். கடிகாரம் அடித்தது. கண்ணை மூடித் தேடினேன், ஒன்றுமில்லை. இருப்பதில் குறைந்தது என்று 'ஒன்று' போட்டேன். அடுத்த மணிக்கு, போட்டது சரிதானா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் நான்கு. இன்றைக்கு ஏழு. விளையாட்டில்லை; காலையில் என் ஷூவுக்கு மனைவிதான் கயிறு கட்டிவிடுகிறாள்.

என் பழைய ஸ்டூலில் முதுகண்ணன் ஜாலியாக உட்கார்ந்திருக்கிறார். நேற்று பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "தம்பி, அந்த ஏட்டை மூடி வைங்க. கொஞ்ச நாள்ல சரியாயிடும். எனக்கு ஆச்சே."

"தெரியும்ண்ணே."

"அப்புறம் என்ன?"

கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, வலிக்காமல் அரைச் சுற்று திரும்பினேன். "நாற்காலி போயிடுமே."

பக்கத்து மேஜை அம்மாவுக்கு இப்போது என் மேல் மிகுந்த அக்கறை. மணிக்கொருமுறை, "இன்னிக்கு எவ்வளவு சார்? ஏதாவது குறையுதா?" என்று விசாரிக்கிறார். பணிமூப்பில் எனக்கு அடுத்தவர் அவர். போன வாரத்திலிருந்து அவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடக்கிறார். அவருடையது இன்னும் அனுமதிக்கப்படவில்லை.