பத்து நிமிச வாசிப்பு

தோட்டவெளிச் சந்தியோகு கச்சான் காற்றிலும் வள்ளம் தள்ளுகிற ஆள். ஆனால் போன தை மாதம் பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலாம் ஆண்டு ரீச்சர் சொன்ன ஒரு வசனம்தான் காரணம்: "தினமும் பின்னேரம் பத்து நிமிசம் பிள்ளையோட இருந்து புத்தகம் வாசிக்க வேணும்."

மனைவி பிரான்சிஸ்கா உடனே முந்திக்கொண்டாள். "இவர் வாசிப்பார் ரீச்சர். எனக்கு எழுத்தைப் பாத்தாலே கண்ணாலை தண்ணி ஓடும்."

சந்தியோகுவுக்கு அது ஏழு வயதில் சண்டைக்குப் பயந்து ஓடினபோது விட்ட படிப்பு. பிறகு முகாம், பிறகு கடல். கையெழுத்து மட்டும் வைப்பார். எட்டு வருசமாகப் பெண்சாதிக்குத் தெரியாமல் காத்த மானம் கப்பலேறப் போகிறது!

விடுவாரா? படத்தைப் பார்த்துக் கதை விட்டார். புத்தகத்தில் யானை இருந்தது. "யானையார் பேசாலைக்குக் கருவாடு வாங்கப் போனாராம்..." மகள் றொஷேல் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று நாள் அவர் ராசா.

நாலாம் நாள் பிள்ளை புத்தகத்தில் விரலை வைத்தாள். "அப்பா, கருவாட்டுக்குக் 'க' வேணுமே. இதிலை காணேல்லை."

"அது... காயப்போட்டிருக்கு மகள்."

"பொய்!"

அடுத்த திட்டம். "இஞ்சேரும், ஒருக்கா வாசிச்சுக் காட்டும். எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு," என்றார் பிரான்சிஸ்காவிடம். கேட்டுப் பாடமாக்கிவிடலாம் என்ற நினைப்பு.

"ஐயோ, எனக்குக் கண் எரியுது. மகள் வாசிக்கட்டும். நீங்கள் எழுத்துக்குக் கீழை விரலைக் கொண்டு போங்கோ. அதுக்குத் தொண்டை தேவையில்லைத்தானே?"

மகள் இழுத்து இழுத்து வாசித்தாள். அவர் விரல் ஊர்ந்தது.

"அப்பா, அது 'ட'. நான் இன்னும் 'ப'விலை நிக்கிறன்!"

ரீச்சர் எழுத்து அட்டைகளும் அனுப்பினார், ஏனோ இரண்டிரண்டாக. மிஞ்சின அட்டைகள் சந்தியோகுவின் சட்டைப் பைக்குள் போயின.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலை. இருபது வருசமாகப் பக்கத்தில் கிடந்த வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். 'ம... ரி... யாள்.' அந்த வள்ளத்துக்குப் பெயர் இருந்திருக்கிறது! கண் கலங்கியது. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று பின்னேரம் றொஷேலின் புத்தகத்துக்குள், ரீச்சர் மறந்து விட்ட ஒரு கடிதம் கிடந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'ரீச்சர், இவருக்கு வாசிக்கத் தெரியாது. வவுனியா பஸ் எண்டு மடுக் கோயில் பஸ்ஸிலை ஏறிப்போட்டு, நேர்த்தி எண்டு சமாளிச்சவர். நேரை சொன்னால் ரோசப்படுவார். வாசிப்பை அவரின்ரை தலையிலை போடுங்கோ. அட்டை ரெண்டு சோடி தாங்கோ. பிரான்சிஸ்கா.'

கடிதத்தோடு குசினிக்குப் பாய்ந்தார். "இதென்ன இது? நான் 'ரோசப்படுவர்' எண்டு எழுதியிருக்கிறீர்!"

பிரான்சிஸ்கா கறியைத் துழாவிக்கொண்டே சொன்னாள்:

"'படுவார்'. 'வ'வுக்குப் பக்கத்திலை அரவு போட்டிருக்கிறன். திருப்பி வாசியுங்கோ."