வின்சன்ற் வகுத்த வியூகம்

மனைவியோடு போடுகிற போரில் ஒரு தடவையாவது வெல்வது என்று ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்து வின்சன்ற் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் மரியமலர் அறிவித்தாள்:

"சனிக்கிழமை ஹம்மிலை அக்கா வீட்டை போறம்."

ஹம் நகரம் ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். அக்காவின் புருசன் புதுக் குளியலறையின் ஓடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி விலை சொல்லுவார். அதுவும் செப்டெம்பர் சனிக்கிழமை! அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் முட்டைப் பந்தோடு முட்டி மோதுகிற ஃபுட்போல் ஆறு மணிக்கு டிவியில் தொடங்கும். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு ஆறு கிழமை சோபாவில் கிடந்தபோது பிடித்த பைத்தியம் அது. முழங்கால் சுகப்பட்டுவிட்டது. பைத்தியம் தலைக்கு ஏறிவிட்டது.

உடனே ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ரவிச்சந்திரனுக்குப் போன் எடுத்தார். ரவி அமெரிக்காவில் படித்தவன். இருவருக்கும் வாராவாரம் ஒரே சண்டை. ஆட்களை நெருக்கி நிறுத்தி, சுவர் மாதிரி இடித்துக்கொண்டு போகிற புரோ ஸ்டைல்தான் ஆட்டம் என்பது வின்சன்றின் கட்சி. மைதானம் முழுக்க ஆட்களைப் பரப்பி, எதிராளி மூச்சு விடுமுன் பந்தை எறிகிற ஸ்பிரெட்தான் ஆட்டம் என்பது ரவியின் கட்சி.

"தம்பி, ஸ்பிரெட் எண்டால் பட்டர் மாதிரிப் பாணுக்குப் பூசுறது. சனிக்கிழமை மத்தியானம் பெஞ்சாதியோடை வாரும். நேரிலை தீர்ப்பம்."

வீட்டுக்கு வருகிற விருந்தாளியை மரியமலர் திருப்பி அனுப்பவே மாட்டாள். அதுதான் வியூகம்.

"இஞ்சேரப்பா, ரவித்தம்பியாக்கள் சனிக்கிழமை வருகினமாம்."

"அப்ப நீங்கள் ஹம்முக்கு வரேல்லையோ?"

"எப்பிடி ஏலும்?"

"வடிவாச் சொல்லுங்கோ. வாறியளோ, இல்லையோ?"

"இல்லை."

"சரி."

அவ்வளவுதான். கத்தவில்லை. ஒரு சட்டிகூடச் சத்தம் போடவில்லை. வின்சன்ற் பயந்தே போனார்.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மேசையில் போர் தொடங்கியது. வின்சன்ற் பதினொரு ரோல்ஸை ஒட்டி அடுக்கினார். எதிரணிக்குக் கட்லெட்.

"இப்பிடி நிண்டு நேரை போய் இடிக்கோணும் தம்பி!"

"இடிச்சா மூணு யார்டு அண்ணா. எறிஞ்சா முப்பது!" ரவி ரோல்ஸை மேசைச்சீலையின் நாலு மூலைக்கும் பரப்பினான். "ஃபீல்டை யூஸ் பண்ணுங்க!"

"எறிஞ்சதை மற்றவன் பிடிச்சால்?"

"உங்க ஆளு விழுந்து பந்தை விட்டா?"

ரவியின் மனைவி ப்ரீத்தி காதைப் பொத்திக்கொண்டாள். "ஒரு ஜட்ஜ் வேணும். அக்காவைக் கேட்போமா?"

வின்சன்றுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. "அவவோ? அவவுக்குப் பந்து முட்டையோ உருண்டையோ எண்டே தெரியாது."

மரியமலர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"ரவித்தம்பி, நடுவிலை எத்தினை கட்லெட்?"

"ஆறு, அக்கா."

"தடுக்க எத்தினை ரோல்ஸ்?"

"அஞ்சு."

"மிஞ்சின ஒருத்தனைத் தடுக்காமல், பந்தோடை பாத்துக்கொண்டு நிண்டால் காணும். அவன் ஓடுறவனைப் பிடிக்கப் போனால் பந்து என்ரை கையிலை. என்னட்டை வந்தால் பந்து ஓடுறவன்ரை கையிலை. அவன் எங்கை போனாலும் பிழை. ஸ்பிரெட்தான் வெல்லும்."

சொல்லிவிட்டு அந்தக் கட்லெட்டை எடுத்துக் கடித்தாள்.

வின்சன்ற் நடுவில் மிஞ்சிய கட்லெட்டுகளை எண்ணினார். ஐந்துதான்.

"உனக்கு... உனக்கு ஆர் சொன்னது?"

"எங்கடை கோச்."

"எந்தக் கோச்சி? ஹம்முக்குப் போற ரயில் கோச்சியோ?"

"ஐயோ, கோச்சியில்லை. கோச்! பத்து மாசமா வியாழக்கிழமை டிரெயினிங் போறனெல்லோ?"

"அது வேலையிடத்து டிரெயினிங்!"

"எந்த டிரெயினிங் எண்டு நீங்கள் கேக்கேல்லையே. பொம்பிளையளின்ரை ஃபிளாக் ஃபுட்போல். ஆளை இடிக்கிறேல்லை, இடுப்பிலை இருக்கிற கொடியைப் பறிக்கிறது. பந்து எறியிறது நான்."

நாற்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளை பெற்றவள். பந்து எறிகிறாளாம்!

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் வயசு, முழங்கால், சனம் என்ன சொல்லும் எண்டு மறிச்சிருப்பியள். இண்டைக்கு நாலு மணிக்கு ஹம்மிலை மட்ச். நீங்கள் வாறனெண்டால் அக்கா வீட்டிலை இறக்கிப்போட்டுப் போறது. வரேல்லையெண்டால் நேரை போறது. உங்களையும் தடுக்கேல்லை, பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"செம ப்ளே அக்கா!" என்று ரவி எழுந்து கை தட்டினான். ப்ரீத்தி ஏற்கெனவே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தனியே இருந்து கட்லெட்டைப் பார்க்க வின்சன்றுக்கு மனம் வரவில்லை. அவரும் காரில் ஏறினார்.

மைதானத்தில் மரியமலர் ஏழாம் இலக்கம். இரண்டடி பின்வாங்கினாள். இடப்பக்கம் பார்த்தாள். எதிரணி இடப்பக்கம் ஓடியது. பந்து வலப்பக்கக் கரைக்குப் பறந்தது. அங்கே நின்றவளுக்குக் கிட்ட ஒருத்தருமில்லை. புள்ளி!

"எறியடி மலர், எறி!" என்று கத்தியது தன் தொண்டைதான் என்பது வின்சன்றுக்குப் பிறகுதான் விளங்கியது. இருபத்தாறு வருசம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கையை அவர் பார்த்ததில்லை. கண் கலங்கியது.

வெற்றி. அணித்தலைவி, ஆறடி ஜெர்மன்காரி, நேரே அவரிடம் வந்தாள்.

"மரியாவின் கணவர் நீங்கள்தானே?"

"ஓம்!" ஜெர்மன் மறந்துபோய், வின்சன்ற் நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினார்.

நீட்டிய கையில் அவள் சேறு சொட்டும் பெரிய பையொன்றைக் கொழுவிவிட்டாள். "பன்னிரண்டு ஜேர்சி. நாற்பது பாகையில் தோய்க்கவேண்டும். மரியா போன மாதமே தோய்ப்பவர் பட்டியலில் உங்கள் பெயரை எழுதிவிட்டாள்."