வெற்றி ஒத்திவைப்பு

"அந்த ஒரு சொல்லை எடுத்துடும்மா, ஒப்புதல் போட்டுடறேன்."

"எந்தச் சொல்லை?" என்றாள் யாமிலா.

"'தோல்வி'. படிக்கவே கசக்குது," என்றார் தலைவர் லிசாந்த்ரோ.

மனிதகுலம் இதுவரை கண்ட நம்பிக்கைகளில் ஆக உன்னதமானது, மொந்தேவிதேயோ நகரத்தின் அந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில்தான் குடியிருந்தது. மருத்துவமனைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்கள் அவர்கள். ஓர் இணைப்பு துவங்காமல் போகக்கூடும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆகவே, துவங்கும்போது எடுத்துக்கொண்ட நினைவகத்தை, துவங்காவிட்டால் திருப்பித் தர ஒரு வரிகூட எழுதவில்லை. சால்தோ நகர மருத்துவமனைப் பெட்டி ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் எடுத்து, எதையும் திருப்பாமல், மதியத்துக்குள் மூச்சு முட்டி நின்றுவிடும்.

விட்டுப்போன வரியை, 'தோல்வியானால் திருப்பு' என்று யாமிலா எழுதிவிட்டாள். லிசாந்த்ரோ ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தினால் சால்தோ பிழைக்கும். அவளும் மாலைப் பேருந்தில் கடலுக்குக் கிளம்பலாம். இல்லையேல் விடுமுறை வாரம் முழுக்கத் தொலைபேசியருகே உட்கார்ந்து, "பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்க" என்று ஓத வேண்டியதுதான்.

எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவையைக் கையில் ஏந்தியபடி லிசாந்த்ரோ சிந்தனையில் ஆழ்ந்தார்.

"அது என்ன, மைக்கா?" என்றான் வெந்நீரோடு காத்திருந்த ஹெரார்தோ. "உறிஞ்சிட்டுத் திருப்பிக் குடுங்க. மத்தவங்களும் குடிக்கணும்."

"குடுவையைத் திருப்பணும்னு தெரியுது," என்றாள் யாமிலா. "நினைவகத்தைத் திருப்பத்தான் கூட்டம் போடறோம்."

"எதிர்மறையாப் பேசாதே!" என்றார் லிசாந்த்ரோ.

நீண்ட விவாதத்துக்குப் பின் 'தோல்வி' நீக்கப்பட்டு, 'வெற்றி ஒத்திவைப்பு' என்னும் சொல் ஒருமனதாக ஏற்கப்பட்டது. கைதட்டல். பொத்தானை நோக்கிப் போன லிசாந்த்ரோவின் விரல் பாதியில் நின்றது.

"வெற்றியை ஒத்திதானே வெச்சிருக்கோம்? அப்புறம் நினைவகத்தை ஏன் திருப்பணும்? வெற்றி வர்றப்போ வேணுமே!"

மேலும் பலத்த கைதட்டல். யாமிலாவின் வரியை அவரே தம் கையால் அழித்தார்.

அப்போது தொலைபேசி மணியடித்தது. யாமிலா ஒலிபெருக்கியில் போட்டாள். சால்தோவின் தொழில்நுட்பர் இக்னாசியோ.

"பெட்டி மறுபடி செத்துருச்சுங்க. ஒரு எக்ஸ்ரே பார்க்க டாக்டருங்க மேலேயும் கீழேயும் ஓடறாங்க."

"நண்பரே, அது சாவு இல்ல," என்றார் லிசாந்த்ரோ கனிவாக. "வெற்றி ஒத்திவைப்பு!"

மறுமுனையில் டாக்டர்கள் படியேறி ஓடும் சத்தத்துக்கு நடுவே இக்னாசியோ பேசினார்.

"ஐயா, உங்க ஆபீஸ்ல வாழ்க்கையில ஒரு தடவையாவது தோத்துப்போன ஆளு யாராச்சும் இருந்தா, போனை அவங்ககிட்ட குடுங்களேன்."