நான் உப்பைத் துறந்த கோடை

எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. யோகா வகுப்பில் சேர்ந்த முதல் நாளே தலைகீழாக நிற்கப் பார்த்தவன் நான் (இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்). அப்படிப்பட்டவனிடம்தான் அலுவலக மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் சொன்னார்: "பிரஷர் லேசா ஏறியிருக்கு. உப்பைக் குறைங்க. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல வேணாம்."

ஒரு டீஸ்பூன் நல்லது என்றால், அதுவும் இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. என் மூளை இப்படித்தான் வேலை செய்தது. அன்று மாலையே சாந்தோமில் இருக்கும் எங்கள் வீட்டில், உப்பை அடியோடு விட்டுவிட்டதாக அறிவித்தேன்.

எங்களோடு இருக்கும் என் மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "மாப்ள, டாக்டர் குறைக்கத்தானே சொன்னாரு?" என்று கேட்டார்.

"அத்தை, உப்புங்கறது மெதுவா கொல்ற விஷம்."

விடை தப்பென்று தெரிந்தாலும், அதைப் பையனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர் அத்தை.

என் மனைவி ஜெனி எனக்கென்று தனியாக உப்பில்லாத சாம்பார் வைத்தாள். அதில் பருப்பு இருந்தது, முருங்கைக்காய் இருந்தது, சாம்பார்தான் இல்லை. உடம்பில் மிச்சமிருக்கும் உப்பைத் தண்ணீர் வெளியேற்றிவிடும் என்று எங்கோ படித்ததால், பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். மே மாத வெயிலில் பட்டினப்பாக்கம் வரை வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்தேன். தலை வலித்தது, கிறுகிறுத்தது. விஷம் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் சர்ச் பங்கின் முதியோர் குழுவுக்கு உப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே ஃபாதரிடம் போய்க் கேட்டேன். அவரும் பாவம், சரி என்றுவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் கூட்டம். பேச்சுக்குப் பிறகு கொடுக்க, முன்னால் ஒரு மேசையில் டீயும் மிச்சரும் வைத்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, உப்பு..." என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மேலே சுற்றிய மின்விசிறி கீழே இறங்கி வருவதுபோல் இருந்தது. முதல் வரிசையில் ஃபாதர் தெரிந்தார். அவரைக் கூப்பிட நினைத்து வாயைத் திறந்தேன்.

"அத்தை" என்று வந்தது. மைக்கில்.

அதன்பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கால் மடங்கி, மிச்சர் தட்டின் மேலேயே விழுந்திருக்கிறேன். என்னை ஏற்றிய ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, சார் தலையெல்லாம் ஓமப்பொடி கீது?" என்று கேட்டாராம். ஜெனி அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, ரத்தத்தில் சோடியம் அபாயமாக இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

"அப்படி என்னதான் சாப்பிட்டாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வீம்பு, டாக்டர்" என்றாள் ஜெனி.

அவர் சிரிக்கவில்லை. "சார், குறைக்கச் சொன்னா குறைக்கணும், நிறுத்தக் கூடாது. உடம்புக்குக் கொஞ்சம் உப்பு வேணும். வேர்வையில போனது போக, வெறும் தண்ணியா குடிச்சு இருந்ததையும் நீர்க்க விட்டுட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்."

ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

இப்போது அளவாக உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். பிரஷரும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் எந்த அறிவுரையை ஆரம்பித்தாலும், "முதல்ல உக்காருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், மணமக்களுக்கு இல்லறம் பற்றிச் சொல்ல ஃபாதர் தொண்டையைச் செருமினார். என் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் மெல்லக் கேட்டது.

"யாராவது ஃபாதருக்கு ஒரு சேர் போடுங்கப்பா."

எங்கள் வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. நான் மட்டும் பீடத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.